டிராவலர் வீட்டு வண்டிக்கு எந்த வழிகாட்டி, கூடவே எந்தச் சின்ன கார்?

திருநகர் டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மதுரை திருநகரில் இருக்கிறோம். அண்மையில் ஒரு பழைய ஃபோர்ஸ் டிராவலர் வாங்கினோம். முன்பு வைத்திருந்தவர் உள்ளே இரண்டு படுக்கை, சின்ன அடுப்படி, கழிப்பறை எல்லாம் வைத்து அதை வீட்டு வண்டியாக ஆக்கியிருந்தார். ஆர்.சி.யிலும் கேம்பர் வேன் என்றே பதிவாகியிருக்கிறது.

வாங்கியதற்குக் காரணம் என் மாமியார். 81 வயது. முழங்கால் தேய்ந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். வெளியூர் என்றாலே வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்று பயந்து, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறவர். வண்டியிலேயே எல்லாம் இருக்கிறது என்று தெரிந்ததும் அவரே ஊர்ப் பட்டியல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ராமேஸ்வரம், தனுஷ்கோடி, பழநி, அப்புறம் கல்யாணமான புதிதில் மாமனாரோடு போய்வந்த கொடைக்கானல்.

என் கணவர்தான் டிராவலர் ஓட்டுவார். நன்றாக ஓட்டக்கூடியவர், ஆனால் இவ்வளவு உயரமான வண்டி அவருக்குப் புதிது. கூரையில் ஏ.சி.யும் சோலார் தகடும் இருக்கின்றன. டேப் வைத்து அளந்ததில் தரையிலிருந்து 2.9 மீட்டர் உயரம், பின்னால் இருக்கும் ஏணியோடு 6.2 மீட்டர் நீளம். போனில் வரும் மேப்பை நம்பிப் போகலாமா, டேஷ்போர்டில் பெரிய ஆண்ட்ராய்டு திரை வைக்க வேண்டுமா? டாலஸில் இருக்கும் என் நாத்தனார் மகள், இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே கார்மின் என்று ஒரு வழிகாட்டும் கருவி இருக்கிறது, வரும்போது வாங்கி வருகிறேன் என்கிறாள். அது இங்கே உதவுமா?

இன்னொன்று, கோயில் தெருக்களுக்குள் டிராவலர் நுழையாது. அதனால் கூட ஒரு சின்ன கார் வேண்டும். அமெரிக்காவில் வீட்டு வண்டிக்குப் பின்னால் ஜீப்பைக் கட்டி இழுத்துப் போகிறார்களாம், அவள் படம் அனுப்பினாள். இங்கேயும் அப்படிச் செய்யலாமா? பழைய கார் என்றால் நான்கு லட்சம் வரை போடலாம். கணவர் நானோ என்கிறார். மகனுக்கு எம்.ஜி. காமெட் மேல் ஆசை, மீதிப் பணம் நான் போடுகிறேன் என்கிறான். இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


அண்ணாநகர் டிரைவிங் ஸ்கூல் சொன்னது:

கட்டி இழுக்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள் அம்மா. நம் சாலை விதிகள் பழுதாகி நிற்கும் வண்டியைப் பட்டறைவரை இழுக்கத்தான் இடம் கொடுக்கின்றன. அதுவும் மெதுவாகத்தான் போக வேண்டும். அதைத் தவிர, முறையாகப் பதிவு செய்த டிரெய்லரை இழுக்கலாம். நன்றாக ஓடுகிற காரைச் சுற்றுலாவுக்காகக் கட்டி இழுத்துப் போக வழியில்லை. ஏதாவது நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

அமெரிக்கக் கதை வேறு. நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாம் என்று தயாரிப்பாளரே கையேட்டில் எழுதிக் கொடுத்த கார்களைத்தான் அங்கே இழுக்கிறார்கள். ஜீப் ரேங்லரில், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டுவிடலாம், அதனால் சக்கரம் உருண்டாலும் கியர்பாக்ஸ் தப்பித்துக்கொள்ளும். சாதாரண ஆட்டோமேட்டிக் காரில் இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் பம்ப் வேலை செய்யாது. அப்படியே நூறு கிலோமீட்டர் இழுத்தால் உள்ளே காய்ந்து எரிந்துபோகும். மலைப்பாதையில் பின்னால் ஒரு காரின் எடையும் சேர்ந்து தள்ளினால் டிராவலரின் பிரேக் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

ஆகவே காரை இன்னொருவர் ஓட்டி வருவதுதான் வழி. இரண்டு வண்டிக்கும் தனித்தனி ஃபாஸ்டேக் வேண்டும். சொந்தக் காருக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆண்டு பாஸ் வந்திருக்கிறது, வந்தபோது விலை 3,000 ரூபாய், 200 முறை அல்லது ஒரு வருடம். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளுக்கு மட்டும்தான். நீங்கள் நிறையச் சுற்றப்போகிறீர்கள் என்றால் காருக்கு அது லாபம்.


போடி பழைய ஓட்டுநர் சொன்னது:

தங்கச்சி, நான் பணி ஓய்வு பெறும்வரை மலை ரூட்டில் பஸ் ஓட்டியவன். போடிமெட்டு, குமுளி, கொடைக்கானல் எல்லாம் ஓட்டியிருக்கிறேன். எந்தக் கருவி என்று நீங்கள் கேட்டதற்கும் எந்தக் கார் என்று கேட்டதற்கும் என்னிடம் பதில் ஒன்றுதான். அந்தச் சின்ன கார்தான் உங்களுடைய வழிகாட்டி. அதைப் பின்னால் விடாதீர்கள், முன்னால் விடுங்கள்.

காரணம் சொல்கிறேன். கூகுள் மேப்பில் கார் என்று போடலாம், பைக் என்று போடலாம். என் வண்டி 2.9 மீட்டர் உயரம், 6.2 மீட்டர் நீளம் என்று சொல்ல அங்கே இடமில்லை. அது உங்கள் டிராவலரையும் ஆல்டோவையும் ஒன்றாகத்தான் நினைக்கும். தேனியிலிருந்து கொடைக்கானல் என்று போட்டால் பெரியகுளம், கும்பக்கரை, அடுக்கம் வழியாகப் பெருமாள்மலையில் ஏறும் பாதை தூரம் குறைவு என்பதால் கண்ணில் படும். அது ஒடுங்கின பாதை, வளைவுகள் மிக நெருக்கம். எதிரே ஒரு ஜீப் வந்தால் 6.2 மீட்டர் வண்டியைப் பின்னோக்கி எடுத்து ஒதுங்க இடம் கிடைக்காது. நீங்கள் வத்தலக்குண்டு வழியிலேயே போங்கள். மதுரையிலிருந்து வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, அப்புறம் மலை ஏறினால் டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை. பஸ்ஸும் லாரியும் போகிற தடம். எங்கே பஸ் போகிறதோ அங்கே உங்கள் டிராவலர் போகும். புது ஊரில் மேப் ஒரு குறுக்குவழி காட்டினால் டீக்கடையில் கேட்க வேண்டியது "இந்த வழியாப் பஸ் போகுமா?" என்ற ஒரே கேள்விதான். "வண்டி போகுமா?" என்று கேட்காதீர்கள். போகும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவர்கள் மனதில் நிற்பது பைக்.

உயரத்துக்கும் இதே கவனம் வேண்டும். மதுரை–போடி அகல ரயில் பாதை 2023-ல் முழுவதும் திறந்தது. அந்தத் தடத்தில் பல இடங்களில் கேட்டுக்குப் பதிலாகச் சுரங்கப்பாதை இருக்கிறது. நெடுஞ்சாலையை விட்டுக் கிராமத்துக்குள் திரும்பினால் இப்படி ஒன்று வரலாம். முன்னால் குறுக்கே இரும்புக் கம்பி கட்டி உயரம் எழுதியிருப்பார்கள். அது எந்த மேப்பிலும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. மழை என்றால் தண்ணீரும் நிற்கும். நம் மதுரைக்குள்ளேயே மணிநகரம் கர்டர் பாலத்தில் மழைக்குத் தண்ணீர் நிற்பது உங்களுக்குத் தெரியாததா? கார் இரண்டு கிலோமீட்டர் முன்னால் போனால் இதையெல்லாம் பார்த்துச் சொல்லிவிடும். டிராவலர் அகலமான இடத்திலேயே நின்று திரும்பிக்கொள்ளும். சுரங்கப்பாதை வாசல்வரை போய்விட்டுப் பின்னால் வண்டிகள் சேர்ந்த பிறகு ரிவர்ஸ் எடுப்பது நல்ல ஓட்டுநருக்கே கஷ்டம்.

உயரத்தையும் நீளத்தையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டுங்கள். 2.9 என்பதை 3.2 என்று எழுதுங்கள். ரோட்டுக்குப் புதுத் தார் போட்டால் தரை உயர்ந்துவிடும், கம்பியில் எழுதிய அளவு பழையதாகவே இருக்கும்.

இப்போது கார். உங்கள் கணவருக்கும் மகனுக்கும் கோபம் வரக்கூடாது. மாமியாரை வைத்துத்தான் கார் வாங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, உயர்ந்த சீட்டில் ஏறவும் முடியாது. நாற்காலி உயரத்தில் சீட், கதவு நன்றாக அகலத் திறக்க வேண்டும், தலை இடிக்கக்கூடாது. இதற்கு வேகன் ஆர் மாதிரி உயரமான உடம்புள்ள கார்தான் பொருந்தும். 2019-க்கு முந்தைய வேகன் ஆர் என்றால் அகலம் ஒன்றரை மீட்டருக்குள்தான், சந்துகளில் சுலபமாகத் திரும்பும். 2010-க்குப் பிறகு வந்தவற்றில் 998 சிசி இன்ஜின், மலை ஏறத் திணறாது. பின் சீட்டை மடித்தால் சக்கர நாற்காலி படுத்துக்கொள்ளும். உங்கள் பணத்துக்குள் நல்லதாகவே கிடைக்கும்.

நானோ சின்னச் சந்துக்கு அருமையான வண்டி, 3.1 மீட்டர் நீளம், பொம்மை மாதிரித் திரும்பும். ஆனால் 2018-லேயே தயாரிப்பு நின்றுவிட்டது. கொடைக்கானல் பாதி வழியில் நின்றால் சாமானுக்கு எங்கே போவது? ஆரம்பத்தில் வந்த நானோக்களில் டிக்கிக் கதவே திறக்காது, நாற்காலியைப் பக்கக் கதவு வழியாகத்தான் நுழைக்க வேண்டும். காமெட் மூன்று மீட்டருக்கும் குறைவு, நிறுத்த இடம் தேட வேண்டாம். ஆனால் அதற்குக் கதவு இரண்டுதான், பின்சீட் போட்டால் சாமான் வைக்க இடமே இல்லை. மின்சார வண்டி என்பதால் மலையில் சார்ஜ் கணக்கும் சேர்ந்துகொள்ளும். முன்னால் போய்ப் பாதை பார்க்கிற வண்டிக்கே அந்தக் கவலை வந்தால் அப்புறம் யார் யாருக்கு வழி காட்டுவது? மகன் அதை மதுரைக்குள் ஓட்ட வாங்கட்டும், மிக நல்ல வண்டி. இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் எடுக்காதீர்கள், கையால் கியர் போடுகிற வண்டி எடுங்கள். இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும், இது இரண்டு வண்டிக்கும் பொருந்தும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பதறுகிறது. உங்கள் கணவரிடம் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நியூட்ரலில் விட்டால் வண்டியைப் பிடித்து நிறுத்த பிரேக் ஒன்றுதான் மிச்சம். அதுவும் நாலு வளைவில் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். இன்ஜினை அணைத்துவிட்டால் பிரேக் மிதியே கல்லாகிவிடும். பிரேக்கில் கருகல் வாடை வந்தால் அடுத்த அகலமான இடத்தில் ஒதுங்கி ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக்கூடாது. குறுகலான இடத்தில் இறங்குகிற வண்டிதான் நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், சட்டமும் அதுதான்.


பைபாஸ் கணினிக்காரன் சொன்னது:

பெரியவர் சொன்னதற்கு மேல் கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன் அம்மா.

டாலஸிலிருந்து கார்மின் வேண்டாம். அந்தக் கருவியில் வண்டியின் உயரம், எடை, நீளம், சமையல் கேஸ் இருக்கிறதா என்பதுவரை கேட்டுக்கொண்டு பாதை போடும் என்பது உண்மை. அமெரிக்காவில் அது தங்கம். ஆனால் அதன் பலம் முழுவதும் உள்ளே இருக்கும் அந்த நாட்டுப் பாலங்கள், சுரங்கங்களின் விவரத்தில்தான் இருக்கிறது. நம் ஊர் ரயில் சுரங்கப்பாதையின் உயரம் அதற்குத் தெரியாது.

இங்கே இலவசமாக அதற்குப் பக்கத்தில் வருவது ஆஸ்மண்ட் என்ற செயலி. மக்களே விவரம் பதிந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் ஓடுகிறது. லாரி வகையைத் தேர்ந்தெடுத்து உயரம், அகலம், எடை எல்லாம் கொடுக்கலாம். தமிழ்நாட்டு வரைபடத்தை வீட்டு வைஃபையில் இறக்கிவிட்டால் சிக்னலே இல்லாமல் வழி சொல்லும். ஒரு விஷயம், யாராவது உயரத்தைப் பதிந்திருந்தால்தான் அதற்கும் தெரியும், நம் கிராமங்களில் பதிந்தது குறைவு. நான் போகிற இடங்களில் கம்பியில் எழுதிய உயரத்தைப் பார்த்துப் பதிந்துகொண்டே வருகிறேன். நீங்களும் செய்யுங்கள், கணக்குத் தொடங்கக் கொஞ்ச நேரம்தான் ஆகும். பின்னால் வருகிற ஆம்புலன்ஸுக்கும் கூட உதவும்.

கூகுள் மேப்பை நெரிசல் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், அதில் அதுதான் கெட்டிக்காரன். 2024-ல் ஒடுங்கின தெருக்களைத் தவிர்க்கும் வசதியைச் சென்னை, கோவை உள்ளிட்ட எட்டு நகரங்களில் கொண்டுவந்தார்கள், அந்த முதல் பட்டியலில் மதுரை இல்லை. மேப்பிள்ஸ் செயலியில் வேகத்தடை, கூர்மையான வளைவு எல்லாம் முன்கூட்டியே சொல்லும், அதுவும் ஒரு போனில் இருக்கட்டும். சிக்னல் போனால் ஜி.பி.எஸ். போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வானத்திலிருந்து வருவது, சிம் இல்லாத போனிலும் வரும். சிக்னல் இல்லாவிட்டால் வராமல் போவது மேப் படம்தான். அதனால்தான் முன்பே இறக்கி வைக்கச் சொல்கிறேன்.

பெரிய ஆண்ட்ராய்டு திரைக்குப் பணம் போட வேண்டாம், பழைய போன் ஒன்று போதும். ஆனால் அதைக் கண்ணாடியில் ஒட்டாதீர்கள். நம் சித்திரை வெயிலில் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் போன் சூடாகி, சரியாகப் பிரிவு வருகிற நேரத்தில் திரை அணைந்துவிடும். டேஷ்போர்டில் ஏ.சி. காற்று வருகிற துளையில் மாட்டுங்கள்.

இரண்டு வண்டிக்கும் இடையே பேச வாக்கி டாக்கி வாங்குங்கள். சிக்னல் இருக்கும் இடத்தில் வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தைப் பகிர்ந்தால் எட்டு மணி நேரம்வரை ஒருவரை ஒருவர் பார்க்கலாம், மலையில் அது பாதியில் நின்றுவிடும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும் சின்ன வாக்கி டாக்கிக்கு உரிமம் வேண்டாம். மற்ற அலைவரிசைக் கருவிகளும் இணையத்தில் விற்கிறார்கள், மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.


திருநகர் டீச்சர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. போடி அண்ணே எழுதியதைக் கணவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நியூட்ரல் விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். வேகன் ஆர் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகிறோம். மாமியாரையும் கூட்டிப்போய் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவோம்.

ஒரே ஒரு சந்தேகம். மகன் காரில் முன்னால் போகிறான், கணவர் டிராவலர் ஓட்டுகிறார். ஓட்டுகிறவர்கள் கையில் வாக்கி டாக்கி பிடிக்கக்கூடாது அல்லவா? நான் காரில் உட்கார்ந்து பேசினால் மாமியார் டிராவலரில் தனியாக இருப்பார். மலையில் அவருக்குத் தலை சுற்றும் வேறு.


போடி பழைய ஓட்டுநர்:

மலை ஏறும்போது மாமியாரைக் காரின் முன்சீட்டுக்கு மாற்றிவிடுங்கள் தங்கச்சி. வண்டி ஓடும்போது யாரும் டிராவலர் படுக்கையில் படுத்திருக்கக்கூடாது, வளைவில் உருண்டுவிடுவார்கள். முன்சீட்டில் பெல்ட் போட்டு, பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தால் தலைசுற்றலும் குறையும். சக்கர நாற்காலி அதுவரை டிராவலரில் இருக்கட்டும், நீங்கள் காரின் பின்சீட்டில் வாக்கி டாக்கியோடு உட்காருங்கள். கணவர் பதில் பேச வேண்டியதே இல்லை, காதில் விழும்படி மாட்டி வைத்தால் போதும். "பஸ் வருது", "லாரி நிக்குது", "ரைட்ல ஒதுங்க இடம் இருக்கு", இந்த மாதிரிச் சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அவர் அடுத்த அகலமான இடத்தில் நிற்கட்டும், நீங்களும் நில்லுங்கள். கழிப்பறை டிராவலரில்தான் இருக்கிறது என்பதால் ஊத்து, பெருமாள்மலை இரண்டு இடத்திலும் எப்படியும் நிறுத்துங்கள். மாமியார் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பெரியவர்கள் கேட்க மாட்டார்கள்.

பழநியில் கிரிவலப் பாதையில் தனியார் வண்டிகளை விடுவதில்லை, காரும் போகாது. ரோப் காருக்கு எப்படி அழைத்துப்போவது என்பதை முந்தின நாளே விசாரித்து வையுங்கள். கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே முதல் நீதிமன்ற உத்தரவு. 2025 கோடையில் சாதாரண நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். இரண்டு வண்டிக்கும் தனித்தனியாக, ஒரே தேதிக்கு எடுங்கள். செவ்வாய் அல்லது புதன் விடியற்காலையில் திருநகரை விட்டால் வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிடலாம்.